ஓசைக்கு ஈடாக உண்மையா?

எதுகையும் மோனையும் இயையப் பாடும் கவிதையின் காலம் முடிந்துவிட்டது என்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. திருமண மேடையில் வாசித்தளிக்கப்பெறும் வாழ்த்துப்பா, மறைந்தவர் நினைவாக அச்சிடப்பெறும் இரங்கற்பா, விழா மலர்களின் முகப்புப் பக்கம், கவியரங்கம், திரைப்பாடல் என எங்கும் அது உயிரோடுதான் உலவுகின்றது. மழை பொய்த்த வயலைப் பற்றியும், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைப் பற்றியும், 2020-இல் உலகையே வீட்டுக்குள் முடக்கிய கொள்ளைநோயைப் பற்றியும் வெண்பாவும் விருத்தமும் யாக்கப்பட்டுள்ளன. இலங்கையின் மருதமுனை தந்த ஜின்னாஹ் ஷரிபுத்தீன் நம் காலத்திலேயே காவியங்கள் பல படைத்துள்ளார். மரபுக் கவிதை வாழ்கின்றது என்பதில் ஐயமில்லை. அது மெய் பேசி வாழ்கின்றதா என்பதையே நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இது யாப்பிலக்கணத்தோடு முடிந்துவிடும் ஆராய்ச்சி அன்று. அறத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாகும். ஈயாத ஒருவரை, 'வாரி வழங்கிய வள்ளல்' என்று உரைநடையில் ஒருவர் எழுதினால், அதனைப் பொய் என்று கூறத் தயங்கமாட்டோம். அதே சொற்கள் விருத்தத்தில் வந்தமர்ந்தால், 'என்ன ஓசை நயம்!' என்று தலையசைக்கின்றோம். உரைநடையில் பொய்யாக இருந்தது, சீர் பிரித்து எழுதியவுடன் எவ்வாறு நயமாக மாறிற்று? யாப்பு, பொய்க்கு வழங்கப்பட்ட உரிமைச்சீட்டா?

ஓர் எடுத்துக்காட்டை நாமே கற்பித்துக்கொள்வோம். பள்ளி ஆசிரியர் ஒருவர் மறைந்துவிட்டார். கண்டிப்பு மிக்கவர்; எவரிடமும் நெருங்கிப் பழகாதவர்; ஆனால், மாணவர்களின் ஏடுகளை இரவில் கண்விழித்து வரிவிடாமல் திருத்தியவர். அவருக்கு இரங்கற்பா எழுத அமர்ந்த கவிஞர், 'பள்ளி' என்று முதலடியைத் தொடங்குகின்றார். அடுத்த அடிக்கு எதுகை வேண்டும். 'அள்ளி' என்னும் சொல் உடனே ஓடி வருகின்றது. அறிவை அள்ளித் தந்தார் என்றாகிவிடுகின்றது. அதன் பின்னே 'துள்ளி' வருகின்றது. பிள்ளைகள் அவரிடம் துள்ளி வந்தனர் என்றாகிவிடுகின்றது. பின்னர் 'வெள்ளி' வருகின்றது. அவர் புகழ் வானத்து வெள்ளியாய் ஒளிர்கின்றது. இலக்கணம் பிழைக்கவில்லை, ஓசையும் குன்றவில்லை. ஆனால், அந்த ஆசிரியர் அப்பாட்டில் இல்லை. அவரிடம் பயின்ற மாணவன் அதனைப் படித்தால், யாரோ ஒருவரைப் பற்றியது என்றே எண்ணுவான்.

இக்குற்றம் யாப்பினுடையதா? அதே எதுகையில் 'தள்ளி' என்றொரு சொல்லும் உண்டு. எல்லாரிடமிருந்தும் சற்றுத் தள்ளியே நின்றவர் என்று கூறியிருக்கலாம். 'புள்ளி' என்றொரு சொல்லும் உண்டு. மாணவன் இட மறந்த ஒரு புள்ளியையும் சிவப்பு மையால் இட்டுக் காட்டியவர் என்று கூறியிருக்கலாம். இவையும் எதுகையே, மேலும் இவை அவருக்கே உரியவை. முதலில் வரும் எதுகை ஊரார் அனைவர்க்கும் பொதுவான சொல். பலர் கைபட்டுத் தேய்ந்த நாணயம் போன்றது. அதனை மறுத்துவிட்டு, அடுத்ததையும் மறுத்துவிட்டுக் காத்திருப்பவனுக்கே பொருளுக்குரிய சொல் கிட்டுகின்றது. இன்னும் தேடு என்றே யாப்பு கவிஞனுக்குக் கட்டளையிடுகின்றது. தேடாமல் நின்றவன் தன் சோம்பலுக்கு யாப்பின்மீது பழி சுமத்துதல் முறையாகாது.

சீரை நிரப்பும் சொற்கள் பண்டும் இருந்தன என்று மறுமொழி கூறப்படலாம். உண்மைதான். இசைநிறைத்தற்கென்றும் அசைநிலையாகவும் வருவனவற்றை இடைச்சொல்லின் வகைகளாகத் தொல்காப்பியர் வெளிப்படையாகவே வைத்தார். ஆயின், இங்கே நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. அசைச்சொல் பொருள் எதனையும் கூறுவதில்லை. ஆதலின், அது பொய்யும் கூறுவதில்லை. 'நான் ஓசைக்காகவே நிற்கின்றேன்' என்று ஒப்புக்கொண்டு நிற்கும் நேர்மை அதற்கு உண்டு. இன்று நாம் சீரை நிரப்பப் பயன்படுத்துவன 'பொன்னான', 'ஒப்பற்ற', 'ஈடில்லா' போன்ற அடைமொழிகள். இவை பொருளுடைய சொற்கள். பொருந்தாத இடத்தில் இவற்றை வைத்தால் வெற்றிடம் மட்டும் நிரம்புவதில்லை. மெய்யல்லாத கூற்று ஒன்றும் நுழைந்துவிடுகின்றது.

அப்படியாயின், காப்பியப் புலவர்களின் வருணனைகளை என்னென்பது? ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், பாலை மிகுந்த அரபு நாட்டைப் பாடும்போது, ஆறு பெருகி வயல் செழிக்கும் தமிழ் நாட்டைப் போலவே வருணிக்கின்றார். இது பொய்யாகாதா என்று சிலர் வினவியதுண்டு. ஆகாது என்பதே நம் கருத்து. நாட்டுப் படலம் என்றால் இவ்வாறுதான் பாடப்படும் என்பதைப் பாடியவரும் அறிவார், கேட்டவரும் அறிவர். இருவரும் அறிந்து உடன்பட்ட மரபிலே ஏமாற்றப்பட்டவர் எவருமிலர். அதுமட்டுமன்று, தம் உள்ளத்துக்கு நெருங்கிய நாட்டைத் தமிழர் அறிந்த வளங்களாலே சிறப்பிக்கும் அன்பும் அதில் உண்டு. ஆனால், நேற்று நம்மிடையே நடமாடிய ஒருவரைப் பற்றி எழுதும்போது அத்தகைய உடன்பாடு எதுவும் இல்லை. படிப்பவர் அதனைச் செய்தி என்றே கொள்கின்றார். அங்கே ஓசைக்காக இட்ட சொல், சான்று கூறும் சொல்லாகிவிடுகின்றது.

1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' ஏடும், 1971-இல் கோவையில் தோன்றிய 'வானம்பாடி'யும் புதுக்கவிதைக்கு ஊக்கமளித்தபோது, மரபின்மீது சாற்றப்பட்ட குற்றங்களுள் இதுவும் ஒன்று. அக்குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. தேய்ந்த அடைமொழிகளிலிருந்து தமிழ்க் கவிதையை உலுக்கி எழுப்பிய நன்றி புதுக்கவிதைக்கு என்றும் உரியது. எனினும், தளையை அறுத்தவுடன் பொய்யும் அறுந்துவிட்டதா? அதிர்ச்சிக்கென்றே தேடிப் பிடித்த உவமைகளும், வரியை உடைத்து வியப்பூட்டும் பழக்கமும் இன்று அங்கேயும் தேய்ந்த நாணயங்களாகிவிட்டன. 'பால்வீதி' தந்த அப்துல் ரகுமான் பின்னாளில் கஸலைத் தமிழுக்குக் கொண்டுவர முனைந்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். காஃபியாவும் ரதீஃபும் ஆகிய இயைபுகளால் கட்டப்பட்ட வடிவம் கஸல். கட்டு என்பதே கவிதைக்குப் பகையாயின், புதுக்கவிதையின் முன்னோடிகளுள் ஒருவர் அதனை நாடியிருப்பாரா?

செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறிய தொல்காப்பியர், யாப்பை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். மெய்ப்பாடும் பயனும் அதே வரிசையில் உள்ளன. 'நோக்கு' என்பதும் ஓர் உறுப்பு. கேட்போன் ஒவ்வொரு சொல்லையும் கடந்து போய்விடாமல் நின்று நோக்குமாறு செய்வது அது. வெற்றடைமொழி மலிந்த பாட்டில் நோக்குதற்கு என்ன இருக்கும்? அத்தகைய பாட்டு யாப்பை மட்டும் காத்துப் பிற உறுப்புகளை இழந்துவிடுகின்றது.

யாப்புக்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. அது சொல்லை நினைவில் நிறுத்துகின்றது. உரைநடையில் எழுதிய இரங்கற் கடிதம் சில நாளில் மறக்கப்படுகின்றது. வெண்பாவோ மனத்தில் தங்குகின்றது. சட்டமிடப்பெற்றுச் சுவரில் தொங்குகின்றது. பாட்டனைக் காணாத பேரன் அதன் வாயிலாகவே அவரை அறிகின்றான். உண்மை நிலைப்பது போலவே பொய்யும் அதிலே நிலைத்துவிடும். ஆகவே, யாப்பை ஏற்றவனின் பொறுப்பு உரைநடை எழுதுவோனின் பொறுப்பைக் காட்டிலும் மிகுதியேயன்றிக் குறைவன்று. ஒருவரின் நினைவு அவனிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதனை எதுகைக்கு விலையாக ஈந்துவிட அவனுக்கு உரிமை இல்லை.

மரபு வழி நின்று பாடும் இளங்கவிஞர்களிடம் நாம் வேண்டிக்கொள்வது பெரிதொன்றுமில்லை. எழுதி முடித்தபின், பாட்டிலுள்ள பெயரை நீக்கிவிட்டு வேறொரு பெயரை இட்டுப் பாருங்கள். பாட்டு அவருக்கும் அப்படியே பொருந்துமாயின், அது இன்னும் எழுதப்படவில்லை என்று கொள்ளுங்கள். ஊரைப் பாடினாலும், உழவைப் பாடினாலும், பேரிடரைப் பாடினாலும் இச்சோதனை பொருந்தும். தேறாத அடியை அடித்துவிட்டு, அடுத்த எதுகைக்காக இன்னும் ஒரு நாள் காத்திருங்கள். நம் மொழியில் எதுகைகளுக்குப் பஞ்சம் இல்லை.