அவர் வரட்டும்



கடத்தூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெற்றிலைச் சந்தை. சுற்றுப்பட்டுக் கொடிக்கால்காரர்கள் மூட்டையோடு வந்து இறங்குவார்கள். முகூர்த்த மாதமென்றால் விலையும் ஏறும், பேரமும் நீளும். கிறிஸ்தவர்களுக்கு ஆராதனை நாளும் அதே ஞாயிறுதான். கொடிக்கால் வைத்திருக்கிற கிறிஸ்தவர் பாடு, இரண்டுக்கும் நடுவில் ஓட்டம்தான்.

போன ஞாயிறு அங்கே ஒரு சின்ன சபையில் திருவிருந்து. நானும் போயிருந்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். உப்பும் சோடாவும் போடாமல் தோசைக்கல்லில் சுட்ட கோதுமை அப்பம் ஒரு தட்டில். முந்தின நாளே கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டின ரசம் கிண்ணத்தில். பிரசங்கம் முடிந்தது, காணிக்கையும் எடுத்தாயிற்று. இனி அப்பம் பிட்க வேண்டியதுதான். ஆயர் பாயில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னொரு பாட்டு பாடலாம்" என்றார்.

பாடினோம். அது முடிந்ததும் இன்னொன்று என்றார்.

முன்னால் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. பொம்மிடியில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போய்ச் சேர வேண்டும். "ஐயா, நேரமாவுதுங்க. எல்லாரும் வந்தாச்சுங்களே" என்றார். ஆயர் ஒருவர் பெயரைச் சொல்லி, "சந்தையிலிருந்து கிளம்பிட்டேன்னு போன் பண்ணாருங்க" என்றார்.

"அவருக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சிட்டாப் போச்சு."

"வெச்சிடலாங்க. ஆனா அவரை விட்டுட்டுச் சாப்பிட்டோம்னு ஆயிடுமே. அவர் வரட்டும்."

மூன்றாம் பாட்டுக்கு நடுவில் அவர் வந்துவிட்டார். வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு கடைசிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையில் வாழைநார்த் துணுக்கு ஒட்டியிருந்தது. அப்பம் வாங்க நீட்டின கையில், காம்பு கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் நகம் கறுத்துக் கிடந்தது. முழங்காலிட்ட வரிசையில் அந்தப் பெரியவர்தான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

ஆயர் பாட்டை நீட்டினதற்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. கடைசி இரவில் இயேசு அப்பத்தைப் பிட்டு, தம்மை நினைத்து இதைச் செய்யச் சொன்ன செய்தியை, கி.பி. 55 வாக்கில் கொரிந்து சபைக்கு எழுதின கடிதத்தில் பவுல் சொல்கிறார். அதை அவர் எழுதக் காரணமே ஒரு சாப்பாட்டுத் தகராறு. அந்தச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று, குடித்தும் தீர்த்துவிடுவார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்பார்கள். அவர்களைக் கண்டிக்கும்போதுதான் அந்த இரவைப் பவுல் ஞாபகப்படுத்துகிறார். கடைசியில் அவர் சொல்லும் பரிகாரம் ரொம்பச் சாதாரணம்: சாப்பிடக் கூடினால், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சபைகளும் இந்தப் பாடத்தைச் சுலபமாகப் படித்துவிடவில்லை. தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் ஒரு காலத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் மேல்சாதிக்காரர் வாங்கி முடித்த பிறகுதான் மற்றவர்கள் வர வேண்டும். 1833-ல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், இந்த வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். அதற்கு இணங்காமல் சபையை விட்டே விலகிப் போனவர்கள் பலர். கிண்ணம் வேண்டும், ஆனால் பக்கத்தில் அவன் கூடாது!

நினைவுகூருவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு உருகுவது என்று பலரும் நினைக்கிறோம். இன்னும் வராதவர் யார் என்று கண்ணைத் திறந்து பார்ப்பதும் அதில் சேர்த்திதான். பார்க்கப்போனால், அதுதான் கஷ்டமான பாதி.

இதைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்கு வருஷம் தவறாமல் திதி கொடுக்கிறோம். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். ஆனால் வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் அதற்கு ஆளுக்கொரு நேரத்தில் வந்து போகிறோம். ஒருத்தர் தலை மறைந்த பிறகு அடுத்தவர். கேட்டால், இரண்டு பேருமே அப்பாவை மறக்கவில்லை என்போம். அப்பா உயிரோடு இருந்திருந்தால், ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு மற்றவனுக்குச் சோறு போட்டிருப்பாரா?

இந்த வருஷம் இலை போடுவதற்கு முன்னால் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். வர அவருக்கு நேரமானால், கொஞ்சம் பசி பொறுங்கள். அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாதென்றால், படையலில் எத்தனை வகை வைத்து என்ன பிரயோசனம்?