சிறிய பரிசும் பெரிய மனமும்

சென்ற ஆண்டுப் பிரம்மோத்ஸவத்தில் திருத்தேர் நிலை சேர்ந்த மாலைப் பொழுது. ஸந்நிதியில் கூட்டம் சற்றுக் குறைந்திருந்தது. அடியேன் பிராகாரத் திண்ணையில் இளைப்பாறிக் கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர், பெற்றுக்கொண்ட துளஸிப் பிரசாதத்தை மேல்துண்டின் நுனியில் முடிந்தபடியே அருகில் வந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம். தப்பா நினைக்கக் கூடாது. பஸ்ஸுக்கு எடுத்து வச்சது போக கையிலே முந்நூறு ரூபாய் இருக்குது. வீட்டிலே ஆறு பேர். திருவிழாவுக்கு வந்துட்டு வெறுங்கையோட போக மனசு வரல்லே. இத்தனை கொஞ்சத்துக்கு ஆறு பேருக்கு என்னத்தை வாங்குறது? அற்பமா எதையாவது வாங்கிக் கொடுத்தா அது கேவலம் இல்லையா?"

கேள்வி எளியது. ஆயினும் அடியேனால் உடனே விடை கூற இயலவில்லை. அவர் கேட்டது கடைவீதிச் செய்தியன்று. தர்மத்தைப் பற்றிய கேள்வி. பரிசின் பெருமை எதில் உள்ளது? பொருளின் விலையிலா, கொடுப்பவனின் மனத்திலா, பெறுபவனின் தேவையிலா? கையில் பொருள் குறைந்தவனுக்குக் கொடுக்கும் தகுதியும் குறைந்துவிடுகிறதா? இத்திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்களில் பலர் இதே கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டு தேர்வீதிக் கடைகளின் முன் நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். ஆகவே இம்மலரின் வாயிலாகச் சில சொற்களை விண்ணப்பித்துக் கொள்கிறேன்.

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசார்யன் கூறும் உபதேசம் ஒன்றுண்டு. பாடசாலையில் பயின்ற காலத்தில் அதனைப் பலநூறு முறை உருவேற்றினோம்; பொருளை உணர அடியேனுக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. கொடுக்கும் முறையை அங்கே ஆசார்யன் வகுத்துரைக்கிறார். சிரத்தையோடு கொடுக்க வேண்டும், சிரத்தையின்றிக் கொடுத்தலாகாது. செல்வ வளத்துக்கேற்பக் கொடுக்க வேண்டும். நாணத்தோடும் அச்சத்தோடும் கொடுக்க வேண்டும். இறுதியாக, 'ஸம்வித்' என்பதோடு கொடுக்க வேண்டும். இச்சொல்லுக்கு அறிவு என்றும், நட்பு, இணக்கம் என்றும் பொருள் கொள்வர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெறுபவனை அறிந்து, அவனோடு மனம் இசைந்து கொடுத்தல் என்பது விளங்கும். இத்தனை நிபந்தனைகளுள் இவ்வளவு பொன் என்றோ இவ்வளவு பசுக்கள் என்றோ ஓரளவும் கூறப்படவில்லை என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும்.

அங்கே கூறப்பட்ட நாணம், நம் முதியவர் கொண்ட வெட்கமன்று. 'இன்னும் செய்திருக்கலாமே' என்று கொடுப்பவன் தன்னுள் பணிவது நாணம். 'பிறர் என்ன நினைப்பார்களோ' என்று அஞ்சுவது வெட்கம். முன்னது கொடையை உயர்த்தும். பின்னது கொடுக்கும் கையைத் தடுக்கும். அல்லது கடன்காரனிடம் அழைத்துச் செல்லும்.

இதற்கு ஸ்ரீமத் ராமாயணத்தில் அழகிய விளக்கம் கிடைக்கிறது. அயோத்யா காண்டத்தில், கங்கைக் கரையில் சிருங்கிபேரபுரத்தருகே பெருமாள் வந்து தங்குகிறார். வேடர் தலைவனாகிய குகன் செய்தி கேட்டு ஓடி வருகிறான். பலவகை அன்னங்களும் பக்ஷணங்களும் படுக்கைகளும் கொண்டு வருகிறான். தன் நாட்டையே ஆளும்படி வேண்டுகிறான். அவனால் இயன்ற மிகப்பெரிய காணிக்கை அது. பெருமாள் அவனை இறுகத் தழுவிக்கொண்டு கூறும் மறுமொழியை வால்மீகி முனிவர் நமக்குக் காட்டுகிறார். நீ கால்நடையாக வந்ததாலும் அன்பைக் காட்டியதாலுமே நாங்கள் பூஜிக்கப்பட்டவர்களானோம் என்கிறார். தவக்கோலம் பூண்டிருப்பதால் மற்றவற்றை ஏற்கலாகாது என்றும் உணர்த்துகிறார். அதன்பின், தமக்கு வேண்டுவது ஒன்றே ஒன்று என்கிறார்: தேர்க் குதிரைகளுக்குத் தீனி! இக்குதிரைகள் தந்தை தசரதர்க்குப் பிரியமானவை. இவை வயிறார உண்டால் அதுவே எனக்குச் செய்த பூஜை என்கிறார். குகனும் அக்கணமே தன் ஆட்களை ஏவிக் குதிரைகளுக்குத் தண்ணீரும் தீனியும் கொடுக்கச் செய்கிறான்.

நாட்டையே கொடுக்க முன்வந்தவனிடம் கேட்கப்பட்டது குதிரைத் தீனி. நாட்டைவிடத் தீனி உயர்ந்ததா? அன்று, அவ்விடத்தில், அப்பெருமாளுக்கு உயர்ந்ததே. நெடுவழி வந்த குதிரைகள் களைத்திருந்தன. தந்தையைப் பிரிந்து வந்த மகனுடைய நெஞ்சில், தந்தைக்குப் பிரியமான அவ்வாயில்லா ஜீவன்களின் நினைவு இருந்தது. எதனைப் பெற்றால் பெறுபவனுடைய உள்ளம் குளிருமோ அதுவே பரிசு. அதனை அறிவதற்குப் பொருள் வேண்டியதில்லை. பெறுபவன் முகத்தை நோக்கும் கண் வேண்டும். அதற்கும் முற்பட்ட பரிசு, குகன் நடந்து வந்த வருகை.

இதனைப் பலமுறை பிரவசனத்தில் கூறியவன் அடியேன். ஆயினும் என் வாழ்வில் நானே இதற்கு மாறாக நடந்தேன். அதனை மறைத்துப் பிறருக்கு உபதேசம் செய்வது முறையன்று.

அடியேனுடைய தமக்கையார் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரே மகளை அரும்பாடு பட்டு வளர்த்தார். அப்பெண்ணின் திருமணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் சீர் என்று ஒன்றுண்டல்லவா? ஸம்பந்தி வீட்டார் வசதி படைத்தவர்கள். அவர்கள் முன்னிலையில் அக்காவின் பிறந்த வீடு தாழ்ந்துவிடக் கூடாதே என்னும் எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. அர்ச்சகனுடைய வருமானம் அன்பர்கள் அறிந்ததே. வட்டிக்குக் கடன் வாங்கி, வெள்ளித் தட்டும் கிண்ணமும் செய்யச் சொன்னேன். திருமணத்திற்கு முதல்நாளே வந்துவிடும்படி அக்கா இருமுறை சொல்லியனுப்பினார். பொருள் கைக்கு வரத் தாமதமாயிற்று. திருமண நாள் காலையில் அதனைப் பெற்றுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்தை நான் அடைந்தபோது மாலைமாற்றல் முடிந்திருந்தது. மணமகளைத் தாய்மாமன் தன் தோளில் தூக்கி நிறுத்த, மாலை மாற்றிக்கொள்ளும் வைபவம் அது. தந்தையில்லாத அப்பெண்ணை அன்று தோளில் தூக்கியவர் தூரத்து உறவினர் ஒருவர். நான் கொண்டுசென்ற வெள்ளியை எல்லோரும் பாராட்டினார்கள். அக்காவும் புன்னகையோடு வாங்கி வைத்தார். அன்றிரவு புறப்படும்போது மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தட்டை அப்புறமாக் கூடக் கொடுத்திருக்கலாமேடா, அம்பி. தோளை அப்புறமாக் கொடுக்க முடியுமோ?"

அக்கடனுக்கு மூன்று ஆண்டுகள் வட்டி கட்டினேன். அது தீர்ந்துவிட்டது. அக்கா ஆசார்யன் திருவடியை அடைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இக்கடனை இனி எங்கே தீர்ப்பது? ஒரு காசும் செலவில்லாமல் என்னிடமிருந்த பரிசை விட்டுவிட்டு, என்னிடம் இல்லாததைத் தேடிப் போனேன். அக்காவுக்கு வேண்டியது யாதென்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் கௌரவத்துக்கு வேண்டியதையே நினைத்தேன். பெயர் அக்காவின் சீர்; உண்மையில் அஃது எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு.

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறான். கொடுப்பது கடமை என்றெண்ணி, கைம்மாறு கருதாமல், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவர்க்குக் கொடுப்பது ஸாத்விகம். கைம்மாறு கருதியும் பலனை நோக்கியும் மனம் நொந்தும் கொடுப்பது ராஜஸம். தகாத இடத்தில், தகாத காலத்தில், தகாதவர்க்கு அவமதிப்போடு கொடுப்பது தாமஸம். இங்கும் விலைக்கு இடமில்லை. என்னுடைய வெள்ளித் தட்டு எவ்வகையைச் சார்ந்தது என்பதை அன்பர்களே தீர்மானிக்கலாம். உரிய காலம் தவறியது. உள்ளே கௌரவத்தின் கணக்கும் இருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். இலையும் பூவும் கனியும் நீரும் பக்தியோடு தந்தால் போதும் என்று அதே கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுகிறதே. ஆகவே வசதியுள்ளவனும் இலையோடு நிறுத்திக்கொள்ளலாம் எனச் சிலர் எண்ணக்கூடும். சாஸ்திரங்கள் இதற்கு 'வித்த சாட்யம்' என்று பெயரிட்டு விலக்குகின்றன. உள்ள பொருளை இல்லாததுபோல் மறைத்துச் செய்யும் வஞ்சனை என்பது இதன் பொருள். எளியவனுக்கு அளிக்கப்பட்ட சலுகையைச் செல்வன் களவாடலாகாது. இல்லாதவன் இருப்பதுபோல் காட்டுவதும், இருப்பவன் இல்லாததுபோல் காட்டுவதும் ஒரே பொய்யின் இரு முகங்கள். அவரவர் நிலைக்கு உண்மையாகக் கொடுப்பதே நேர்மை.

கொடுப்பவனுடைய கடமையைக் கூறினோம். பெறுபவனுக்கும் சமமான கடமை உண்டு. ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் வரும் குசேலர் சரித்திரத்தை அறியாதார் இலர். அக்கம்பக்கத்தில் இரந்து பெற்ற நான்கு பிடி அவலைக் கந்தைத் துணியில் முடிந்து கொடுத்தனுப்பினாள் அவருடைய மனைவி. துவாரகையின் செல்வத்தைக் கண்டபின் அம்முடிச்சை எடுத்து நீட்ட அவருக்கு நாவும் எழவில்லை, கையும் எழவில்லை. தலை குனிந்து நின்றார். அப்போது கண்ணன், எனக்கு என்ன கொண்டு வந்தாய் என்று கேட்டு, அதனைத் தானே பற்றியிழுத்து, எனக்கு மிகவும் பிரியமானதாயிற்றே என்று கூறி வாயிலிட்டுக்கொண்டான். கொடுக்க நாணியவனுடைய நாணத்தைப் பெறுபவன் தன் ஆவலால் போக்கினான். அவலின் பெருமை பாதி கொடுத்தவருடையது, பாதி வாங்கியவனுடையது.

நாம் எவ்வாறு வாங்குகிறோம்? திருமணங்களில் ஆசீர்வாத காலத்தில் வந்த வெகுமானங்களை உரக்கக் கூறும் வழக்கமுண்டு. அடியேனும் சில வைபவங்களில் கூறியிருக்கிறேன். பவுன் என்றால் குரல் தானே உயரும். பத்து ரூபாய் என்றால் தானே தாழும். ஒருநாள் என் குரலை நானே கேட்டு வெட்கினேன். அன்று முதல் எவர் கொடுத்ததாயினும் ஒரே குரலில் கூறுவது என்று நியமம் கொண்டிருக்கிறேன். மொய் எழுதும் வழக்கம் தீயதென்று கூறவரவில்லை. பலர் கூடி ஒரு குடும்பத்தின் சுமையைத் தாங்கும் நல்ல ஏற்பாடு அது. தொகையைக் கொண்டு அன்பை அளக்கத் தொடங்கும்போதுதான் அது கெடுகிறது. எளிய உறவினர் பலர் திருமணத்திற்கே வாராமல் நின்றுவிடுவதற்கு இவ்வளவுகோலும் ஒரு காரணம். அவர்கள் வராத குற்றம் அவர்களுடையது மட்டுமன்று.

இனி முதியவரிடம் திரும்புவோம். "வீட்டில் இருக்கும் ஆறு பேரும் யார் யார்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், பெரியவரே" என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினார். தாயார் முழங்கால் வலியால் கோயிலுக்கு வர இயலாதவர் என்றதும், துண்டின் முடிச்சை அவரே பார்த்துக்கொண்டார். அத்துளஸியே தாயாருக்கு உரியது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னப் பேரன் தேர் பார்க்க வரவேண்டுமென்று அழுதவன் என்றார். அவனுக்குச் சிறு மரத்தேர் ஒன்று. அதைவிட, தேர் அசைந்து வந்ததை முதலிலிருந்து முடிவுவரை மடியில் வைத்துச் சொல்லும் ஒரு மாலைப் பொழுது. பெரிய பேத்திக்கு எழுதுவதில் ஆசை. ஒரு நோட்டுப் புத்தகம். மகன் வெயிலில் வேலை செய்பவன். ஒரு பனையோலை விசிறி. மருமகள் காலையில் கோலமிடாமல் அடுப்பு மூட்டாதவள். ஒரு பொட்டலம் கோலப்பொடி. இவ்வளவும் அவர் வாயிலிருந்தே வந்தன.

கடைசியில் மனைவி. "கண்ணாடி வளையல்னா அதுக்கு உசிர்" என்றார். அளவு என்ன என்று கேட்டேன். முதியவர் விழித்தார். "நாற்பது வருஷம் ஆச்சுங்க. அளவு தெரியல்லே சாமி" என்று சொல்லித் தலை குனிந்தார். முந்நூறு ரூபாயில் வளையலுக்குப் பணம் இருந்தது. இல்லாமற் போனது வேறு.

இவ்வாண்டு கொடியேற்றத்தன்று அவர் மீண்டும் வந்திருந்தார். ஸேவித்துவிட்டு வந்து, இடுப்பு முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்துக் காட்டினார். மனைவியின் வளையலைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு வைத்திருந்த நூல் துண்டு அது.

அன்பர்களே! உத்ஸவம் முடிந்து ஊர் திரும்புகையில் தேர்வீதியில் கடைகள் பல இருக்கும். கையிலுள்ளதை எண்ணுவதற்கு முன் வீட்டிலுள்ளோரை ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கணக்குப் பார்த்து வாங்காதீர்கள். பொருள் எதுவும் கொண்டுசெல்ல முடியாவிட்டாலும், உரிய காலத்தில் நேரே சென்று நில்லுங்கள். கால்நடையாக வந்த குகனைத் தழுவிக்கொண்ட பெருமாள் நம் எல்லோருக்கும் அம்மனத்தை அருள்வானாக.

சுபம்.