பதில் கேட்ட ஓட்டக்காரன்

‘பான் சிங் தோமர்’ என்ற ஹிந்தித் திரைப்படம் 2012 மார்ச்சில் திரைக்கு வந்தது. இயக்கியவர் திக்மான்ஷு துலியா. தோமராக நடித்தவர் 2020இல் மறைந்த இர்ஃபான் கான். சிறந்த படம், சிறந்த நடிகர் என இந்தியாவின் இரண்டு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. படத்தின் கலைநயம் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அது எழுப்பும் அறக்கேள்வியே எனது அக்கறை. நீதி வழங்க வேண்டிய கதவுகள் எல்லாம் மூடப்பட்ட பின், அநீதி இழைக்கப்பட்ட ஒருவன் நீதியைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாமா?

தோமர் கற்பனைப் பாத்திரம் அல்ல. மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இராணுவத்தில் சேர்ந்து சுபேதாராக உயர்ந்தவர். 3000 மீற்றர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் ஏழு முறை தேசிய சாம்பியன். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த ஓட்டத்தில் 28 தடைகளையும் 7 நீர்ப்பள்ளங்களையும் தாண்ட வேண்டும். சாதாரணத் தடைதாண்டலில் கால் பட்டால் தடை சரிந்து விழும். இதில் தடை அசையாது, ஓடுபவன்தான் விழுவான்.

இராணுவத்திலிருந்து ஊர் திரும்பியவருக்கு உறவினருடன் காணித் தகராறு. படத்தில் அவர் கலெக்டரிடம் முறையிடுகிறார். உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். பொலிஸ் நிலையத்தில் அதிகாரி பதக்கங்களைத் தூக்கி எறிகிறார். தாய் அடித்துக் கொல்லப்படுகிறார். அதன் பின் தோமர் சம்பல் பள்ளத்தாக்கில் துப்பாக்கியோடு இறங்குகிறார். 1981 ஒக்டோபர் 1ஆம் திகதி பொலிஸாருடன் நடந்த மோதலில் கொல்லப்பட்டார்.

கீரியில் நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு, இல்ல விளையாட்டுப் போட்டி நடந்த கிழமையில், இந்தக் கதையைச் சொன்னேன். பதக்கம் எறியப்பட்ட இடத்தில் வகுப்பே கொதித்தது. ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: “சேர், மெடல் இல்லாத ஆளெண்டா எறிஞ்சது சரியா?”

அந்தக் கேள்வி படத்தையும் தாண்டிச் செல்கிறது. தோமருக்காக நம் மனம் கசிவதற்குப் பாதிக் காரணம் அவர் நாட்டுக்காக ஓடியவர் என்பது. அதே நிலையத்துக்கு அதே நாளில் காணி பறிபோன ஒரு கூலிக்காரன் போயிருந்தால் அவனுக்கும் அதுவே நடந்திருக்கும். அவனைப் பற்றிப் படம் வராது. நீதியைப் பதக்கத்தின் கூலியாகக் கேட்கத் தொடங்கினால், பதக்கம் இல்லாதவனுக்கு அது கிடைக்காதது இயல்பு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

படத்தில் தோமர் தன்னைக் கொள்ளைக்காரன் என்று அழைப்பதை ஏற்பதில்லை. ‘பாகி’ என்கிறார். கலகக்காரன் என்று பொருள்படும் இச்சொல் அரபியிலிருந்து உருதுவுக்கும் ஹிந்திக்கும் சென்றது. நமது பிக்ஹு நூல்களில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆட்சிக்கு எதிராக ஒரு நியாயத்தை முன்வைத்து எழுபவன் பாகி. வழிமறித்து மக்களை அச்சுறுத்திப் பொருள் பறிப்பது ஹிராபா. இரண்டுக்கும் சட்டம் வேறு. பாகிகளோடு போர் தொடுக்கும் முன் அவர்களுடைய குறை என்னவென்று கேட்க வேண்டும், அதில் அநீதி இருந்தால் நீக்க வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. அலி (ரலி) அவர்கள் கவாரிஜ்களிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை முதலில் பேச அனுப்பியதை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள்.

இந்த அளவுகோலில் இரு தரப்பும் தோற்கின்றன. குறை என்ன என்று கேட்க வேண்டிய அரசு கேட்கவில்லை. தோமரோ ஆட்களைக் கடத்திப் பணம் பறித்தார். கடத்தப்பட்டவர்கள் அவரது காணியைப் பறித்தவர்கள் அல்லர், அவரது தாயை அடித்தவர்களும் அல்லர். வாய்ச்சொல்லால் பாகியாக இருந்தவர் செயலால் மற்றப் பக்கம் போய்விட்டார். அவருக்கு நடந்த அநீதி மெய். அந்த மெய் அவர் மற்றவருக்குச் செய்ததை நியாயமாக்கவில்லை.

மன்னாரில் இருந்துகொண்டு இதை எழுதுபவனுக்கு இது தூரத்துக் கதை அல்ல. இந்த நாட்டில் ஆயுதம் எடுத்த தமிழ் இளைஞர்களுக்கு மெய்யான குறைகள் இருந்தன. அவர்கள் தட்டிய கதவுகளும் மூடப்பட்டன. அந்தத் துப்பாக்கிதான் 1990 ஒக்டோபரில், அந்தக் குறைகளை உண்டாக்காத எங்களை நோக்கித் திரும்பியது. வட மாகாணத்திலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எனக்கு அப்போது பத்து வயது. குறையுள்ளவன் கையில் ஆயுதம் வந்ததும் அது குறை செய்தவனைத் தேடிப் போகும் என்ற நம்பிக்கை அன்றோடு எனக்குப் போயிற்று. அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவனையே கண்டுபிடிக்கிறது.

அப்படியானால் பொறுமைதான் விடையா? போர் முடிந்து ஊர் திரும்பிய என் வாப்பா, ஒரு காணிக் கடிதத்தோடு ஓர் அலுவலகத்துக்கு ஆறு வருடம் நடந்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். ஊரில் உள்ளவர்கள் ‘ஸபூர் செய்யுங்க’ என்றார்கள். அவர் செய்தார். காணி தீர்வதற்கு முன்பே மௌத்தானார். அவருடைய ஸபூர் அல்லாஹ்விடம் வீண்போகாது என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கடிதத்தைத் திறந்து பாராதவருக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. பாதிக்கப்பட்டவனுக்குப் பொறுமையைப் போதிப்பவர்கள், கதவைப் பூட்டி வைத்திருப்பவனுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததன் பொருள் இதுதான்.

படத்தின் இறுதிப் பகுதியில் தோமர் தன் எதிரியைத் துரத்திப் பிடிக்கிறார். சுடுவதற்கு முன் அவர் கேட்பது பதில். தன்னை ஏன் இப்படி ஆக்கினாய் என்பதற்கான பதில். அது கிடைக்கவே இல்லை. கலெக்டரிடமும் பொலிஸிடமும் அவர் கேட்டதும் அதைத்தான். துப்பாக்கிக்கு அஞ்சி உயிரை விடுவார்கள், பதில் சொல்லமாட்டார்கள். கடிதத்தோடு வருபவனுக்குக் கதிரையில் இருப்பவர் ஒரு பதில் சொல்லும் ஊரை உண்டாக்குவதுதான் நமக்குள்ள வேலை. பதக்கம் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை வளர்ந்து அப்படியொரு கதிரையில் அமரக்கூடும்.