திருத்துவதிலும் தூய்மை வேண்டும்

அருந்தக் கூடாதென மார்க்கம் விலக்கிய ஒரு பொருளிடம் நாம் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா? உண்டு என்றே கருதுகிறோம். நம் பிள்ளைகள் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கையாளும் எத்தனால் என்னும் சாராயம், பிறரைத் திருத்த முனையும் நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கிறது.

சில சோதனைகளுக்கு நீர் கலவாத எத்தனாலே தேவை. நீர் 100 பாகையில் கொதிக்கும். எத்தனாலோ ஏறத்தாழ 78 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே, வாலையிலிட்டுக் காய்ச்சி வடித்தால் நீரில் பெரும்பகுதி பின்தங்கிவிடுகிறது. ஆனால், எத்தனால் எடையில் நூற்றுக்கு 95.6 பங்கை எட்டியதும் முன்னேற்றம் நின்றுவிடுகிறது. எஞ்சிய நீர் அதனோடு சேர்ந்தே ஆவியாகி, சேர்ந்தே வடிகிறது. அதற்குமேல் எத்தனை முறை காய்ச்சினாலும் பயனில்லை.

1902ஆம் ஆண்டில் சிட்னி யங் என்னும் வேதியியலறிஞர் இதற்கொரு வழி கண்டார். பென்சீனைச் சேர்த்துக் காய்ச்சினால், அது நீரை இழுத்துக்கொண்டு முதலில் வெளியேறுகிறது. ஆயினும் பென்சீனின் சுவடு எத்தனாலில் தங்கிவிடக்கூடும். அதுவோ புற்றுநோய் விளைக்கும் நஞ்சு. அகன்றது தீங்கற்ற நீர். வந்து சேர்ந்தது நஞ்சு!

பிற்காலத்தில் வந்த வழி, மூலக்கூறு சல்லடை. அதன் நுண்துளைகள் ஏறத்தாழ மூன்று ஆங்ஸ்ட்ராம் அகலமே உடையவை. நீர் அவற்றுள் நுழையும், எத்தனால் நுழையாது. நீரை மட்டும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் அச்சல்லடை, பின்னர் சூடேற்றினால் அதை விட்டுவிட்டு மறுபடியும் பணிக்கு ஆயத்தமாகிறது.

மனிதரைத் திருத்துவதும் இவ்வாறே. கண்டிப்பு என்னும் வெப்பம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பெருங்குறைகளை அதுவே பிரிக்கும். வடிக்காத சாராயத்தின் நீர் முழுவதையும் சல்லடை தாங்காது. ஆனால் இறுதியில் எஞ்சும் குறை, இயல்போடு ஒன்றிப்போனது. மேன்மேலும் கடிந்தால் குறையோடு குணமும் சேர்ந்தே ஆவியாகும். அவமதிப்பைச் சேர்த்தால் குறை அகலலாம், கசப்பு தங்கிவிடும். ஊரார் முன்னிலையில் இகழப்பட்டுத் தொழுகைக்கு வந்த மகன் வரிசையில் நிற்பான். ஆனால், அவன் உள்ளம் தந்தையை விட்டு விலகியிருக்கும். குறையை மட்டும் பிரித்தெடுத்து, அதை ஊரறியச் செய்யாமல் தம்முள் அடக்கிக்கொள்ளும் பொறுமையே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வேண்டுவது.

நீரற்ற எத்தனாலைத் திறந்து வைத்தால், காற்றின் ஈரத்தை அது மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவேதான் அதனை இறுக மூடிக் காக்கிறார்கள். திருந்தி வந்தவரைத் துணையின்றி விட்டுவிட்டு, மறுபடியும் ஈரம் ஏறிவிட்டதென்று குறைகூறுவது நீதியாகாது.