ஒரு கட்டிலுக்கு இரண்டு வாடகை

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நம் திருச்சி படிக்க வரும் பிள்ளைகளின் ஊர். 1951ல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி முதல் துவாக்குடி என்.ஐ.டி. வரை எத்தனையோ கல்வி நிலையங்கள் இங்கே இருக்கின்றன. கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் காஜாமலை, கே.கே.நகர், சத்திரம் பேருந்து நிலையம், ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம் என்று தனியார் ஹாஸ்டல்களில் தங்குகிறார்கள். விடுதி நடத்துபவர்களும் நம் சஃப்பில் இருக்கிறார்கள். பிள்ளையை விடுதியில் விட்ட பெற்றோரும் இருக்கிறார்கள். இன்றைய பயான் இரு தரப்பாருக்கும்தான்.

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தாய் தன் மகனுடன் என்னைப் பார்க்க வந்தார். ஜூன் மாதம் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி மகனை விடுதியில் சேர்த்திருக்கிறார். நவம்பரில் வளைகுடாவில் இருந்த தந்தைக்கு வேலை போய்விட்டது. பையன் அறையைக் காலி செய்துவிட்டு, ஊரிலிருந்தே பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறான். மீதிப் பணத்தைக் கேட்டபோது, "வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், தர முடியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தாய் கேட்டார்: "ஹஜ்ரத், கையெழுத்துப் போட்டது உண்மைதான். ஆனா அடுத்த வாரமே அந்தக் கட்டில்ல வேற பையன் பணம் கட்டிச் சேர்ந்துட்டான். அப்போ எங்க காசு எதுக்கான காசு?"

சகோதரர்களே! ஒப்பந்தம் லேசான விஷயமல்ல. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டவர்களுக்குக் கட்டளையிட்டுத்தான் அல்மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது. வாடகை ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹில் இஜாரா என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் இஜாரா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். வீடே இடிந்துவிட்டால் முறியும். வாடகைக்கு எடுத்தவரின் சொந்தக் கஷ்டத்துக்காக முறியாது. ஹனஃபி மத்ஹபில் நியாயமான உத்ர், அதாவது தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் முறிக்கலாம். கடையை வாடகைக்கு எடுத்தவர் முதலை இழந்து நிற்பதை அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். இரண்டு மத்ஹபைப் பின்பற்றுபவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு இரண்டிலும் ஒரே பதில்தான். ஒப்பந்தம் இன்னும் நீடிக்கிறது என்றால், வருடம் முடியும்வரை அந்தக் கட்டிலின் பயன் முதல் பையனுடையது. அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விட விடுதிக்காரருக்கு உரிமையில்லை. ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்றால், மீதி மாதங்களின் பணம் அந்தப் பையனுடையது. கட்டிலும் எனக்கு, காசும் எனக்கு என்று சொல்ல எந்த மத்ஹபிலும் இடமில்லை. பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணக் கூடாது என்று அல்பகரா 188ஆம் வசனம் தடுக்கிறதே, அது இதற்கும் பொருந்தும்.

கட்டில் காலியாகவே கிடந்தால்? அப்போது விடுதிக்காரருக்கு நஷ்டம் உண்மைதான். கட்டட வாடகை, சமையல்காரர் சம்பளம் நிற்பதில்லை. அந்த அளவுக்குக் கழித்துக்கொள்வது நியாயம். அதையும் விட்டுக்கொடுப்பவருக்குப் பெரிய நற்செய்தி இருக்கிறது. வருந்தி வந்து கேட்பவரின் வியாபாரத்தை ரத்துச் செய்து கொடுப்பவரின் தவறுகளை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. இதற்கு இகாலா என்று பெயர்.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, பணம் கட்டினால்தான் தருவோம் என்பது இன்னொரு அநியாயம். கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018ல் பல்கலைக்கழக மானியக் குழுவே உத்தரவிட்டது. சேர்க்கையை ரத்துச் செய்தால் எத்தனை நாளுக்குள் எத்தனை சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் வரையறுத்தது. காப்புத்தொகை அந்தக் கழிவுக் கணக்கில் சேராது. தனியார் விடுதிக்கு அந்த உத்தரவு வராமல் போகலாம். அல்லாஹ்வின் கணக்கு வராமல் போகாது.

மாணவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். நண்பனுக்கு மலிவாக ரூம் கிடைத்தது என்பதற்காக, வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வெளியேறுவது உத்ர் அல்ல, மோசடி. போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். சேரும்போதே தாளை முழுதாகப் படியுங்கள். நடுவில் போனால் எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எப்போது வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

அந்தத் தாய்க்குப் பணம் இன்னும் வரவில்லை. நான் விசாரித்தபோது, "விடுங்க ஹஜ்ரத், நான் இங்க கேக்கறத நிறுத்திட்டேன்" என்றார். 'இங்க' என்ற அந்த ஒரு சொல் என்னை உலுக்கிவிட்டது. அப்படியானால் அவர் கேட்கப்போகும் இடம் எது? அங்கே ஒப்பந்தத் தாளைக் காட்டித் தப்பிக்க முடியுமா?

யாருடைய மீதிப் பணமாவது நம் கையில் இருந்தால், இங்கேயே கொடுத்துத் தீர்க்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.