புட்டிக்குள் கங்கை

வீரபத்ர மிஸ்ரா பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். வாராணசி சங்கட மோசன் கோயிலின் மகந்தாகவும், அதாவது தலைவராகவும், அவரே இருந்தார். காலையில் கங்கையில் முழுக்கு, பிறகு அதே ஆற்றின் மாசைப் பற்றிய கணக்கு. 1982-இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, துளசி படித்துறையில் ஆய்வுக்கூடமும் நடத்தியது.

எல்லாப் பாவத்தையும் போக்குகிற நதியை அழுக்கு தீண்டுமா? பக்தரின் இந்தக் கேள்விக்கு வகுப்பறை விரிவுரை பதிலாகாது. படித்துறையில் இறங்கி, காற்றுக்குமிழி நுழையாமல் புட்டியை நிரப்ப வேண்டும். மாங்கனீசு உப்புக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால், நீரில் ஆக்சிஜன் இருக்கும்போது பழுப்பு வீழ்படிவு தோன்றும், இல்லையென்றால் வெள்ளை. புட்டியை நிரப்புபவரின் குலமோ நம்பிக்கையோ அந்த நிறத்தை மாற்றாது. இந்தியாவில் குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை அதனால் தோற்றுவிட்டதா? இல்லை என்றே தோன்றுகிறது. புட்டி அளப்பது ஆக்சிஜனை, அருளை அல்ல. ஆனால் ‘கங்கை அம்மா எதையும் தாங்குவாள்’ என்ற சமாதானம் வேறு ரகம். அது பக்தியின் வேடத்தில் வரும் சோம்பல். சாக்கடைக்கு வசதியான தத்துவம்.

மிஸ்ராவின் சண்டையும் சாக்கடையோடுதான். 1986-இல் தொடங்கிய கங்கை செயல்திட்டம் மின்சாரப் பம்புகளை நம்பியது. வாராணசியிலோ மின்வெட்டு சகஜமாக இருந்தது. பம்பு நின்றால் கழிவு நேரே ஆற்றுக்குள். ஆகவே, புவியீர்ப்பிலேயே கழிவை நகருக்கு வெளியே கொண்டுபோய்க் குளங்களில் சுத்திகரிக்கும் மாற்றுத் திட்டத்தை அவர் முன்வைத்தார்.