மறுக்க முடியாத கை

சென்ற பிசானத்தில் என் ஒன்றரை ஏக்கரை அறுவடை இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து வயல். இருபது பேர் அறுத்து, கட்டு சுமந்து, களத்தில் அடித்துத் தூற்ற வேண்டிய வேலை. ஓட்டி வந்தவன் வெளியூர்க்காரன். மணிக்கணக்கு, வாடகை, தீர்ந்தது. வீடு திரும்பும்போது மனசில் இருந்தது திருப்தி என்பதைவிட ஒருவித விடுதலை உணர்வு. எதிலிருந்து விடுதலை என்று யோசித்ததில் எழுதியது இது.

'ஆள் கிடைக்கவில்லை' என்கிறோம். நானும் அப்படிச் சொல்லித்தான் வண்டியைக் கூப்பிட்டேன். பாதி உண்மை. அறுப்புக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டம் போகாதவர்களுக்குக் கூலி பேச ஒரு பிடிமானம் தந்தது. ஆக, நாம் சொன்ன கூலிக்குத் தலையாட்டும் ஆள்தான் கிடைக்காமல் போனது. இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன்.

இயந்திரம் வந்ததால் அறுவடைப் பாட்டு போயிற்று என்று நம் பத்திரிகைகளில் ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொலி அளக்கையில் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணுவார்கள். அழகான வழக்கம்தான். யாருடைய லாபம் என்று யாரும் கேட்டதில்லை. குனிந்தே முதுகு வளைந்துபோன கிழவியிடம் அரிவாளின் கவித்துவம் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை.

என் சங்கடம் வேறு. களத்தில் கொத்து அளக்கும்போது சண்டை வரும். மரக்காலைத் தலை வழித்து அளப்பதா, குவித்து அளப்பதா? என் தகப்பனார் குரலை உயர்த்துவார். எதிரே நிற்பவளும் உயர்த்துவாள். அந்த உறவில் அநீதி இருந்தது, சாதி இருந்தது. ஆனால் கதிர் முற்றிச் சாய்கிற நாளில் 'அறுக்க வரமாட்டோம்' என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து அந்த வார்த்தை.

அதை முறிக்கக் கீழத் தஞ்சையில் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். அந்தக் கூலித் தகராறு, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் தீயில் கருகியதில் போய் முடிந்தது. எங்கள் ஆறும் இதற்கு அந்நியமல்ல. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர், போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் பிணமானார்கள்.

இவற்றோடு இயந்திரத்தைச் சேர்த்துப் பேசுவது மிகை என்று தோன்றலாம். இயந்திரம் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் வெளியாளைக் கொண்டு செய்ய நினைத்ததை அது சத்தமில்லாமல் செய்துவிட்டது. வெளியாளுக்கும் ஒரு நாள் மனசாட்சி உறுத்தலாம். இதற்கு அந்தத் தொல்லையும் இல்லை. எனக்கு 'முடியாது' என்று சொல்லக்கூடியவர்களிடமிருந்துதான் நான் விடுதலை பெற்றிருக்கிறேன்.

அடுத்த பிசானத்திலும் வண்டியைத்தான் கூப்பிடுவேன். செலவு குறைகிறது என்று மட்டும் சொல்வேன். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் அன்று, வண்டி எட்டாத வரப்போர மூலைகளை அறுக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். கூலி எவ்வளவு என்று கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.